வக்கீல் தர்மமும் ராஜ தர்மமும்

ஒரு வழக்கில் தம் முழுத் திறமையையும் செலுத்தி வாதாடிவிட்டு, தீர்ப்பு எதுவானாலும் கலக்கமின்றி ஏற்றுக்கொண்டு, மறுநாள் காலை அடுத்த கட்டைப் பிரித்து உட்காரும் வக்கீலைப் பார்த்தால், பலனில் பற்றின்றிக் கருமம் ஆற்று என்னும் கீதையின் உபதேசத்தை அவர் தொழில்முறையிலேயே அப்பியாசம் செய்துவிட்டாரோ என்று தோன்றும். ஆனால் கச்சேரிக்கு வெளியே, புளியமரத்தடியில், பூர்வீக நிலம் டிக்ரியில் போய்விட்ட கட்சிக்காரன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி நிற்கிறான். வழக்கின் பலன் அவன் தலையில் விழுவதனால்தான் வக்கீலுக்கு அந்தச் சமசித்தம் எளிதில் வாய்க்கிறது. இத்தொழிலில் பழகிய ஒருவர் ராஜ்யபாரத்தை ஏற்கும்போது அந்தப் பற்றின்மை குணமாகுமா, குற்றமாகுமா என்பது விசாரணைக்கு உரிய விஷயம்.

இதற்கு ராஜாஜியின் வாழ்க்கையைக் காட்டிலும் தகுந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கிப் பேரும் பொருளும் ஈட்டி, 1917-இல் அந்நகரசபைக்குத் தலைவராகி, ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்து வேலூர்ச் சிறைக்குச் சென்ற அவர், 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1952-இல் மீண்டும் முதல் மந்திரியானார். கீதையைத் தமிழருக்கு எளிய நடையில் விளக்கி ‘கண்ணன் காட்டிய வழி’ எழுதியவரும் அவரே. ஆகவே கர்மயோகம் அவருக்கு ஏட்டோடு நின்ற சமாசாரம் அன்று.

முதல் ஆட்சியில், வக்கீலின் சாமர்த்தியம் தர்மத்துக்குப் பணிசெய்ததைக் காண்கிறோம். கள்ளுக்கடை வருமானம் போய்விடும் என்பதை நன்கறிந்தே 1937 அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கடனில் மூழ்கிய குடியானவர்களுக்காக 1938-இல் சட்டம் செய்தார். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை வைத்தியநாதய்யர், அவரும் வக்கீலே, ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்டிருந்த கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் சென்றபோது, அச்செயலில் பங்குகொண்டவர்கள்மீது வழக்குத் தொடர இடமில்லாதபடி அவசரச் சட்டம் ஒன்று விரைவிலேயே பிறப்பிக்கப்பட்டது. ஆலயப் பிரவேசச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று. சட்டத்தின் சந்து பொந்துகளை அறிந்த புத்தி, நூற்றாண்டுகளாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அரணாக அமைந்தது.

அதே புத்தி அதே ஆட்சியில் வேறொரு முகத்தையும் காட்டிற்று. 1938-இல் பள்ளிகளில் ஹிந்துஸ்தானி கட்டாயமாக்கப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியை அடக்க, காங்கிரஸ்காரர்களை ஒடுக்குவதற்காக வெள்ளையர் அரசாங்கம் கையாண்ட கிரிமினல் சட்டத் திருத்தமே பிரயோகிக்கப்பட்டது. அக்கிளர்ச்சியில் சிறை புகுந்த நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்திலேயே நோயுற்று 1939-இல் மாண்டார்கள். ஹிந்தியைப் பயிற்றுவிப்பதனால் தமக்கு ஒரு லாபமும் தேடாதவர் ராஜாஜி. சுயநலம் கருதி அதைச் செய்தார் என்று அவருடைய விரோதியும் சொல்லத் துணியான். ஆயினும், எனக்கு இதில் ஆதாயம் இல்லை என்னும் நிச்சயமே, என் கட்சி நியாயமானதுதான் என்னும் நிச்சயமாகத் திரிந்துவிடும் அபாயம் இங்கே இருக்கிறது. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்று ஆட்சேபிப்பார். கேட்டுத் தீர்ப்பளிக்க நீதிபதி இருப்பார். மந்திரி நாற்காலியில் அமர்ந்தவரோ வாதத்தையும் தீர்ப்பையும் தாமே ஏற்க நேர்ந்து, எதிர்வாதத்தைக் கலகம் என்று கொள்ளவும் கூடும்.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் வில்லை நழுவவிட்டது தனக்கு நேரும் துன்பத்துக்கு அஞ்சியன்று. தன் அம்பு பிறருக்கு என்ன செய்யும் என்று எண்ணியே அவன் தளர்ந்தான். அந்த இரக்கத்தில் மயக்கம் கலந்திருந்ததென்று கண்ணன் காட்டினாலும், கர்ம பலனைத் துற என்பதற்கு, நமக்கு வரும் புகழையும் இகழையும் துற என்பதே ஆள்வோன் கொள்ளத்தக்க பொருள் என்று நான் கருதுகிறேன். தன் செய்கையால் குடிகளுக்கு விளையும் பலனில் அவன் பற்றற்றிருப்பானாயின், அதை வைராக்கியம் என்று எந்தச் சாஸ்திரமும் ஒப்பாது. பிறர் சோற்றைப் பிறருக்காகத் துறக்கும் துறவு அது.

1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதிப்பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று அவர் கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று நாடு எதிர்த்தது. செலவு கூடாமல் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் வாதம்; மண் சுமப்பவன் மகன் மண் சுமக்கவே பழகுவான் என்பது எதிர்வாதம். 1954-இல் அவர் பதவியை விட்டு விலகினார். திட்டமும் காமராஜர் காலத்தில் கைவிடப்பட்டது. பதவியைத் துறப்பதில் ராஜாஜிக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. அவரைப் போன்ற கூர்த்த மதியுடையோருக்குக் கடினமானது, தாம் நிலைநாட்டிய கட்சியைத் துறப்பதுதான். ஹிந்தி விஷயத்தில் அந்தக் கடினத்தையும் அவர் பிற்காலத்தில் கடந்தார்; ஒருகாலத்தில் கட்டாயமாக்கிய மொழியே நாட்டின் ஒரே ஆட்சிமொழியாவதை, தம் எண்பதாம் பிராயத்தை ஒட்டி எதிர்த்து நின்றார். முன்பின் முரண் என்று அதைப் பரிகசித்தவர்கள் உண்டு. தான் வென்ற வழக்கையே தனக்கு எதிராக மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் மனம், ஆள்வோருக்கு வேண்டிய நிஷ்காம கர்மத்துக்கு மிக அருகில் இருக்கிறதென்றே நான் சொல்வேன். அது ஆட்சி கையில் இருக்கும்போதே வாய்க்குமானால் குடிகளுக்கு இன்னும் நன்மை.