விசையும் எழுத்தும்: திரிபுணர்ச்சி பற்றி

கம்பியில்லா விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்த, திரையில் வேறோர் எழுத்து வந்து விழுகிறது. பழுது பார்ப்பவர் கேட்பது, கோளாறு எங்கே என்று. இதே கேள்வியை இந்தியத் தத்துவ மரபு வேறு வடிவில் கேட்டது: பிழையான அறிவு எங்கே பிறக்கிறது? கியாதி வாதம் எனப்படும் அந்த விவாதத்தின் பெரிய பெயர்கள் சில காஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்தவை. சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்த சிறுசேரியும் 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். ஆயிரக்கணக்கான விசைப்பலகைகள் தட்டப்படும் ஓர் ஊரை வைத்து அந்தப் பழைய வாதத்தைத் திரும்பப் பார்ப்பது பொருத்தமே.

விசைப்பலகைக்கு எழுத்து தெரியாது. எந்த இடத்து விசை அழுந்தியது என்பதை ஓர் எண்ணாக அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. பொதுவாக வழங்கும் தர முறையில் ஆங்கில 'ஏ' (A) விசையின் எண் 4. அந்த 4 எந்த எழுத்தாக வேண்டும் என்று முடிவு செய்வது கணினிக்குள் இருக்கும் அட்டவணை. அமெரிக்க ஆங்கில அட்டவணை அதை 'ஏ' ஆக்கும். பிரெஞ்சு அட்டவணை 'கியூ' ஆக்கும். தமிழ்99 அட்டவணை 'அ' ஆக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது புதிதல்ல. பழைய தட்டச்சுப்பொறி வரிசையை ஒட்டிய பாமினி முறையில் பழகிய கை ஜே, கே, பி (P), ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் 'தமிழ்' வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அதே ஐந்து விசைகள் 'பமண்டந' என்று ஆகும். ணகரத்துக்குப் பின் டகரம் வந்தால் புள்ளியைத் தானே வைத்துக்கொள்வது அம்முறையின் விதி. அந்த விதியும் இங்கே ஒழுங்காகவே நடக்கிறது. விரல் தவறவில்லை, பலகை சரியான எண்ணை அனுப்பியது, அட்டவணை தன் கடமையைச் செய்தது. ஆனாலும் வந்தது தமிழ் அல்ல.

உறுப்பு ஒவ்வொன்றும் சரியாக இருக்க, முடிவு மட்டும் பிழையாவது எப்படி? பிரபாகர மீமாஞ்சகர்கள் இதற்கு அகியாதி என்று விடை சொன்னார்கள். கடற்கரையில் இப்பியை, அதாவது சிப்பியைக் கண்டு 'இது வெள்ளி' என்பவனிடம் இரண்டு அறிவுகள் உள்ளன. 'இது' என்பது காட்சி. 'வெள்ளி' என்பது நினைவு. தனித்தனியே இரண்டும் குற்றமற்றவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடாமல் போனதே திரிபு. தட்டச்சிலும் விரலில் இருப்பது பழகிய முறையின் நினைவு, திரையில் இருப்பது இப்போதைய அட்டவணையின் காட்சி. அட்டவணை மாறியது கவனத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். விண்டோஸில் ஆல்ட்டையும் ஷிப்டையும் தெரியாமல் சேர்த்து அழுத்தியதே பல வேளைகளில் அதை மாற்றியிருக்கும்.

நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர்கள் இதை ஒப்பமாட்டார்கள். வேறுபாட்டைக் கவனிக்காததால் மட்டும் ஒருவன் குனிந்து இப்பியை எடுக்க மாட்டான். அதை வெள்ளி என்றே துணிந்ததால்தான் கை நீள்கிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் இந்தத் துணிவு அன்னியதாகியாதி. கண்ணிலோ பொருளிலோ சூழலிலோ ஒரு தோஷம் இருக்கும், அதைத் தேடு என்பது அவர்கள் கட்டளை. பலகையிலும் தோஷங்கள் உண்டு. தேநீர் சிந்தி உள்ளே மின்தடங்கள் இணைந்துகொண்டால் ஒரு விசைக்கு இரண்டு எழுத்து விழும். நம் லாக் (Num Lock) போட்டுக் கிடந்தால் சில சிறிய பலகைகளில் யூ, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகும். கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிய சந்தேகம் மட்டும் பெரும்பாலும் இடம் மாறி விழுகிறது. வைஃபை, ப்ளூடூத், கம்பியில்லாப் பலகைக்காகக் கணினியில் செருகும் டாங்கிள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிப்பது உண்மை. டாங்கிளை யூஎஸ்பி 3.0 துளைக்கு அருகில் செருகினால் இரைச்சல் கூடுவதும் உண்மை. ஆனால் சிதைந்து வரும் செய்தியைப் பெறும் கருவி சோதித்துத் தள்ளிவிடும். அதனால் அலைக் குறுக்கீட்டிலும் பேட்டரி தளர்ச்சியிலும் எழுத்து விடுபடும், சில வேளை ஒன்றே பலமுறை விழும். ஒன்று வேறொன்றாக மாறுவது அரிது.

மணிமேகலைக் காப்பியமும் பிழையான அறிவை வகைப்படுத்துகிறது. அதன் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி போலி அளவைகள் எட்டு என்கிறான். இப்பியை வெள்ளி என்பது திரியக்கோடல். ஆராயாமல் ஒன்றைத் துணிந்துவிடுவது தேராது தெளிதல். கண்முன் இருப்பதைக் கண்டும் அறியாதது கண்டுணராமை. திரையின் மூலையில் மொழிக்குறி மாறியிருப்பதைப் பார்த்தும் பாராதது கண்டுணராமை. 'பலகை கெட்டுவிட்டது' என்று உடனே புதியது கேட்பது தேராது தெளிதல். 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் தருக்கம் திக்நாகர் வழிவந்தது. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் அந்தப் பௌத்தர், கற்பனை கலவாத உணர்வே காட்சி என்றார். பிழை மனம் அதன்மேல் ஏற்றுவது.

அக்காதை பேசும் அன்னுவயமும் (ஒன்று இருக்க மற்றதும் இருத்தல்) வெதிரேகமும் (ஒன்று இல்லாதபோது மற்றதும் இல்லாமை) பழுது பார்க்கும் மேசையிலும் உதவும். பலகையை வேறு கணினியில் இணைத்தால் பிழையும் கூடப் போகிறதா? இந்தக் கணினியில் வேறு பலகையை வைத்தால் பிழை நீங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் குற்றம் பலகையுடையது. இரண்டுக்கும் இல்லை என்றால் பலகை நிரபராதி.

சமயவாதிகள் இப்பியையும் வெள்ளியையும் இத்தனை நூற்றாண்டு விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அதற்குப் பின்னால் உலகமே நின்றது என்பதுதான். இப்பியில் தோன்றிய வெள்ளி உள்ளது என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாதது என்பது அத்வைதம். பிரமத்தில் உலகம் தோன்றுவதும் அப்படியே என்று அது மேலே செல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பயின்ற இராமானுசர் இதை மறுத்தார். ஸ்ரீபாஷ்யம் என்னும் தம் உரைநூலில் அவர் நிலை, எல்லா அறிவும் உள்ளதையே பற்றுகிறது என்பது. இப்பியில் வெள்ளியின் கூறு சிறிது உண்டு, அது நடைமுறைக்குப் பயன்படாத அளவு என்பதே குறை.

இந்தச் சிறு உதாரணத்தைக் கொண்டு உலகத்தைத் தீர்ப்பிட முடியாது. ஆயினும் விசைப்பலகை இராமானுசர் பக்கமே சாய்கிறது. 'பமண்டந'வில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் உண்மையான எண்ணிலிருந்து வந்த உண்மையான எழுத்து. வேண்டிய காரியத்துக்கு அது உதவவில்லை என்பதே அதன் பிழை. எழுத்து மாறி விழுந்ததை அகியாதி விளக்கிவிடுகிறது. பலகை கெட்டது என்று மனிதன் துணிந்ததை விளக்க நையாயிகர் வேண்டும். ஆகவே எழுத்து மாறினால் முதலில் மொழிக்குறியையும் நம் லாக்கையும் பாருங்கள், பிறகு பலகையை வேறு கணினியில் சோதியுங்கள். குப்பைக்கு அனுப்புவதைப் பற்றி அதற்குப் பின் யோசிக்கலாம்.