சுருங்கச் சொல்லலும் மெய்மையும்

அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வாளர் முதலில் அனுப்புவது ஆய்வுச் சுருக்கம். பெரும்பாலும் 250 முதல் 300 சொற்கள். பின்னணி, நோக்கம், முறை, முடிவு, முடிவின் பொருள் என்ற வரிசையில் ஆண்டுக்கணக்கான உழைப்பு அதற்குள் அடங்க வேண்டும். அதைப் படித்துத்தான் தேர்வுக்குழு மேடைப் பேச்சா, போஸ்டரா, நிராகரிப்பா என்று முடிவு செய்கிறது. போஸ்டர் என்றால் அதே ஆய்வு 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. உயரமும் உள்ள ஏ0 தாளில், நடந்து போகிறவர் சில நிமிடங்களில் படித்துவிடும் அளவில் அமைய வேண்டும். இது வடிவமைப்பு வேலை போலத் தெரிந்தாலும், அதன் அடியில் ஒரு மெய்யியல் கேள்வி இருக்கிறது. ஒன்றின் பகுதியை மட்டும் சொல்லும் கூற்று மெய்யாக இருக்க முடியுமா?

நவீன அறிவியல் தொடங்கிய காலத்தில் விரிவே நேர்மைக்கு அடையாளமாக இருந்தது. 1660இல் காற்றுப் பம்பு கொண்டு செய்த சோதனைகளை வெளியிட்ட ராபர்ட் பாயில், பலிக்காமல் போனவற்றையும் சேர்த்து நுணுக்கமாக விவரித்தார். சோதனைக்கூடத்தில் இல்லாத வாசகரும் நேரில் கண்ட சாட்சி போல ஆகவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆய்வுச் சுருக்கம் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அதைப் படிப்பவருக்கு எதையும் சரிபார்க்க வழியில்லை; எழுதியவரை நம்ப மட்டுமே முடியும்.

அந்த நம்பிக்கை உடைவதற்குப் பொய் தேவையில்லை. ஆறு மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, கட்டுரையோடு பொருந்தாத அல்லது கட்டுரையிலேயே இல்லாத தரவு கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்ததாகக் காட்டியது. முதன்மை விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்காத 72 மருத்துவச் சோதனைகளை 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு எடுத்துக்கொண்டது. அவற்றின் சுருக்கங்களில் 58 விழுக்காட்டின் முடிவுரை, கிடைக்காத வெற்றியின் சாயலை ஏற்றிப் பேசியது. எண்கள் சரியாகவே இருந்தாலும், எதை முன்னே வைப்பது, எதை விடுவது என்ற தேர்வே வாசகரைத் திசைதிருப்பிவிடும்.

மாநாட்டுச் சுருக்கத்துக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அதை அனுப்ப வேண்டியிருப்பதால், இன்னும் முடியாத சோதனையின் முடிவு எதிர்பார்ப்பாக உள்ளே புகுந்துவிடுகிறது. விரிவைப் பிறகு கட்டுரையில் காணலாம் என்ற சமாதானமும் நிற்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, மருத்துவ மாநாட்டுச் சுருக்கங்களில் சுமார் 37 விழுக்காடே முழுக் கட்டுரைகளாயின. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அந்தச் சில நூறு சொற்களே எஞ்சும் பதிவு.

தன் முடிவை ஐயத்துக்கு உள்ளாக்கக்கூடிய எல்லாவற்றையும் ஆய்வாளர் தாமே சொல்லிவிட வேண்டும் என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1974இல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் வலியுறுத்தினார். உயர்ந்த அறம்தான். ஆனால் அதை முழுமையாகக் கடைப்பிடிக்கப் பாயிலின் விரிவு வேண்டும். 250 சொற்களில் அதற்கு இடமில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சமண அளவையியல் உதவுகிறது. பொருள் பல தன்மைகள் உடையது; எந்தக் கூற்றும் ஒரு நோக்குநிலையிலிருந்தே எழுகிறது என்பது அதன் அடிப்படை. 12ஆம் நூற்றாண்டுச் சமண ஆசாரியர் ஹேமசந்திரர் கூற்றுகளை மூன்றாகப் பிரித்தார். ‘உள்ளதே’ என்று அடித்துச் சொல்லி மற்ற நோக்குகளை மறுப்பது துர்நயம். ‘உள்ளது’ என்று மட்டும் சொல்லி மற்றவற்றை மறுக்காமல் விடுவது நயம். ‘ஒரு வகையில் உள்ளது’ என்று நோக்குநிலையையும் சேர்த்துச் சொல்வது பிரமாணம். இங்கே ‘ஒரு வகையில்’ என்பது ஐயத்தைக் குறிக்கவில்லை. எந்த நிலையிலிருந்து பார்த்தால் கூற்று மெய்யாகும் என்பதைக் காட்டுகிறது. ஆகவே பகுதி, பகுதியாக இருப்பதனாலேயே பொய்யாவதில்லை. தன்னை முழுமை என்று காட்டிக்கொள்ளும்போதுதான் பொய்யாகிறது.

‘இம்மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று ஒரு சுருக்கம் சொல்லலாம். ‘நாற்பது வயதைக் கடந்த அறுபது பேரிடம், பன்னிரண்டு வாரங்களில், போலி மருந்தோடு ஒப்பிடுகையில் குறைத்தது’ என்றும் சொல்லலாம். இரண்டாவதில் கூடியிருப்பவை சில சொற்களே. ஆனால் சொல் வரம்பு நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். ‘இருக்கலாம்’, ‘ஓரளவு’, ‘மேலும் ஆய்வு தேவை’ என்பவை அவற்றுக்கு ஈடாகா. அவை எழுதியவரைக் காக்கும் மங்கலான சொற்கள். யாரிடம், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டு என்பவையே சரிபார்க்கத்தக்க நிபந்தனைகள்.

சமணரான பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய இலக்கண நூலான நன்னூல், நூலின் பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை முதலில் வைக்கிறது. பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலை முதலில் வைக்கிறது. எது இல்லாமலும் பொருள் நிற்குமோ அதை நீக்குவது அழகு. எதன்மேல் பொருள் நிற்கிறதோ அதை நீக்குவது குற்றம். தற்புகழ்ச்சி தகாது என்பதால் நூலின் பாயிரத்தைப் பிறரே பாட வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. ஆய்வுச் சுருக்கமோ ஆய்வாளர் தமக்குத் தாமே எழுதும் பாயிரம். அதனால் ‘முதன்முறையாக’, ‘புரட்சிகரமான’ போன்ற சொற்களில் இன்னும் கூடுதல் அடக்கம் வேண்டும்.

நிறுவனங்களும் இதே திசையில் நகர்ந்துள்ளன. தலைப்பிட்ட பகுதிகளாகச் சுருக்கத்தை எழுதும் முறை 1987இல் மருத்துவ இதழ்களுக்கு முன்மொழியப்பட்டது. மருத்துவச் சோதனைச் சுருக்கங்களுக்கான கன்சார்ட் நெறிமுறை 2008இல் வந்தது. பங்கேற்றோர் எண்ணிக்கை, முதன்மை விளைவு, ஏற்பட்ட தீங்குகள் ஆகியவற்றை விடாமல் சொல்ல அது கோருகிறது. நிபந்தனை, எழுதுபவரின் நினைவை நம்பியிராமல், படிவத்திலேயே இடம்பெறுகிறது.

போஸ்டரின் நிலை சற்று வேறு. அதன் அருகில் ஆய்வாளர் நிற்கிறார். தாளில் விடுபட்டதைக் கேள்வி வெளிக்கொணரும், பதில் நிரப்பும். அதனால் போஸ்டரில் குறைவாக எழுதலாம். அதே காரணத்தால் ஒதுக்கப்பட்ட நேரம் முழுதும் அருகில் நிற்பதும் கடமையாகிறது. 2019இல் உளவியல் ஆய்வு மாணவர் மைக் மாரிசன் பரவலாக்கிய போஸ்டர் வடிவம், முதன்மைக் கண்டுபிடிப்பை எளிய மொழியில் நடுவே பெரிய எழுத்தில் வைத்து, முழுக் கட்டுரைக்குக் க்யூஆர் குறியால் வழிகாட்டுகிறது. வாசகரின் நேரத்தை மதிக்கும் முறை இது. எனினும் நிபந்தனை இல்லாத வாக்கியம் பெரிய எழுத்தில் ஏறினால் துர்நயமும் பெரிதாகும். வரைபடத்துக்கும் இது பொருந்தும். பிழைப்பட்டையும் மாதிரியின் எண்ணிக்கையும்தான் வரைபடம் ‘ஒரு வகையில்’ என்று சொல்லும் முறை. படமெடுக்கப்பட்டும் இணையத்தில் ஏறியும் ஆய்வாளர் துணையின்றிச் சுற்றும் போஸ்டருக்கு இவை தாளிலேயே இருந்தாக வேண்டும்.

இதிலிருந்து வேலையின் வரிசையும் கிடைக்கிறது. முதன்மை முடிவை எல்லா நிபந்தனைகளோடும் ஒரே வாக்கியமாக முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். வெட்டும்போது பொதுவான பின்னணி, அடைமொழி, துறையார் அறிந்த விளக்கம் ஆகியவை முதலில் போகலாம். அந்த வாக்கியத்தில் கைவைக்கக் கூடாது. ஒவ்வோர் எண்ணையும் மூலத் தரவோடு ஒப்பிட வேண்டும். கிடைக்காத முடிவைக் கிடைத்ததாக எழுதாமல், சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். பெயர் இடம்பெறும் அனைவரும் அனுப்புவதற்கு முன் படித்து ஒப்ப வேண்டும். இவ்வாறு எழுதிய 250 சொற்கள் ஆய்வின் முழுமை ஆகா. ஆனால் தம் எல்லையைத் தாமே சொல்வதால் மெய்யாக நிற்கும்.