தொபியாஸ் கேட்ட கேள்வி



நினிவே நகரில் கண் தெரியாதவராயிருந்த முதிய தொபியாஸ், மேதியா தேசத்தில் கொடுத்துவைத்த 10 தாலந்து வெள்ளியை வாங்கிவரத் தம் ஒரே மகனை அனுப்ப நேர்ந்தது. வழித்துணைக்கு ஒரு வாலிபன் வந்தான். வழி அறிந்தவன், பேச்சிலும் நல்லவன். ஆயினும் பக்தியுள்ள அத்தகப்பன், நீ எந்தக் குலம், எந்தக் குடும்பம் என்று விசாரித்தார். விசாரித்ததற்காகக் கோபிக்க வேண்டாம் என்றும் சொன்னார். வந்தவரோ அர்ச். இரபேல் சம்மனசு! சம்மனசையே விசாரித்தவரைச் சர்வேசுரன் கடிந்துகொள்ளவில்லை. மகன் சுகமாய்த் திரும்பினான். கிழவரின் கண்ணும் திறந்தது.

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டிப் பிள்ளையை எஞ்சினீயராக்கிய பெற்றோரே, இதைக் கவனியுங்கள். படிப்பு முடிந்தது, கடன் நிற்கிறது, வேலை இல்லை. அவ்வேளையில் ஒருவன் வந்து, அயல்நாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்கிறான். 2022-இல் தாய்லாந்தில் வேலையென்று அழைக்கப்பட்ட நம் நாட்டு வாலிபர் பலர் மியான்மருக்குள் கடத்தப்பட்டு, பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும்படி வதைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டார் 13 பேர் அவ்வருஷம் அக்டோபரில் மீண்டு சென்னை சேர்ந்தார்கள். 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட ஆதி சூசையின் துயரம் பழங்கதையன்று. இங்கே உடலோடு ஆத்துமமும் அல்லவா விலைபோகிறது!

ஆகையால் விசாரியுங்கள், அது அவிசுவாசமல்ல, விவேகம். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, அயல்நாட்டுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை ஈ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் கூலி 30,000 ரூபாய்க்கும் அதன் வரிக்கும் மேற்படலாகாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் நடந்துவருகிறது, அங்கும் கேளுங்கள். நேர்மையுள்ளவன் கேள்விக்குக் கோபிக்கமாட்டான்.

இன்னொரு வார்த்தை. மகன் புறப்பட்டபின் தொபியாசின் மனைவி அன்னம்மாள் அழுதாள். அந்தப் பணமே இல்லாதிருந்தாலும் பிள்ளை கண்முன் இருந்தால் போதும் என்றாள். நம் வீடுகளிலோ, வேலையற்ற பிள்ளையைத் தண்டச்சோறு என்கிறோம். அந்தச் சொல்லே அவனைக் கண்டவன் கையில் தள்ளுகிறது. அறுந்த இழைக்காகப் பாவையே வெட்டி எறிகிற நெசவாளி உண்டோ? பொறுமையாய் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுகிறோமே! பிள்ளையிடமும் அப்பொறுமை வேண்டாமா?

போகிறவனை விசாரித்து அனுப்புங்கள். சிலுவை வரைந்து ஆசீர்வதித்து அனுப்புங்கள். இருக்கிறவனை அன்போடு சோறிட்டு வைத்திருங்கள். அர்ச். இரபேல் சம்மனசு நம் பிள்ளைகளுக்கு வழித்துணையாயிருப்பாராக. ஆமென்.