விற்பவர் யாரைக் கேட்கவேண்டும்?

ஒரு வீட்டை விற்பது அதன் உரிமையாளரின் தனிச்செயலா, அன்றி அங்கு வாழ்வோரையும் தழுவிய செயலா என்பது சட்டநூல்கள் மட்டுமே விடைகூறி முடித்துவிடக்கூடிய வினாவன்று. ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டை விற்கும்போது இவ்வினா பெரிதாக எழுவதில்லை. விற்பவரே வெளியேறுபவரும் ஆவார். ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, கீழ்த்தளத்தில் ஒரு சிங்களக் குடும்பமும் மேல்மாடியில் ஒரு தமிழ்க் குடும்பமும் பின்புற அறைகளில் ஒரு முஸ்லிம் குடும்பமுமாகப் பல்லாண்டு வாழ்ந்த மாடிவீடொன்று விலைக்கு வருகின்றது எனக் கொள்வோம். உறுதியில் ஒருவர் பெயரே உண்டு. விலை பேசப்படும் வேளையில் ஏனையோர் எவ்விடத்தில் நிற்கின்றனர்?

இதற்கு எமது மரபில் ஒரு விடை உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குகளை ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பை 1806இல் ஆங்கிலேயரும் சட்டமாக ஏற்றனர். ஒருவர் தம் காணியைப் பிறருக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடுபிடித்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. அவ்வறிவித்தல் தேவாலயத்தில், ஊரார் கூடும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விடுக்கப்பட்டது. சைவர்தம் காணி விற்பனையும் தேவாலயத்தில் அறிவிக்கப்பட்டமை அவ்வாட்சியின் விந்தைகளுள் ஒன்று, அது நிற்க. விற்பனை இருவரோடு முடிந்துவிடும் காரியமன்று, மூன்றாமவரையும் அது தொடுகின்றது என்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டிருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது. பின்னர் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவ்வுரிமையைக் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளராகக்கூடியோருக்கும் மட்டுமென வரையறுத்தது. அயலவர் நீங்கினர், இரத்த உறவு எஞ்சியது.

இந்த எல்லைக்கோட்டோடுதான் நான் முரண்படுகின்றேன். ரொறன்ரோவில் பிறந்து இவ்வளவில் ஒருநாளும் கால் வைக்காத மகன் கேட்கப்படவேண்டியவன்; முப்பது ஆண்டுகள் அதே கூரையின்கீழ் விளக்கேற்றிய குடும்பம் கேட்கப்படவேண்டாதது. உறவினருக்குக் காணியோடு பற்று இருக்கலாம் என்பதுதான் முன்னுரிமைக்கு நியாயமாயின், அப்பற்று வாழ்ந்தவரிடத்தே குறைவாக இருக்கும் என்று எவர் கூறத்துணிவர்? மேலும், பல இனத்தார் சேர்ந்து வாழும் நகரத்தில் உறவையே அளவுகோலாகக் கொள்வது அயலாரை என்றும் அந்நியராகவே வைத்திருப்பதாகும்.

வாழ்வோரை முதன்மைப்படுத்திய சட்டங்கள் இல்லாமலில்லை. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு வரம்பிட்டு, மேலதிக வீடுகளை வாடகைக்கு இருந்தோரே வாங்க வழிசெய்தது. வாஷிங்டன் நகரத்தில் 1980இல் வந்த சட்டம் வேறொரு வழியை நாடிற்று. வாடகை வீடு விற்கப்படுமுன் குடியிருப்போருக்கே முதல் வாய்ப்பு வழங்கப்பட்டது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து வாங்கலாம், அன்றித் தம் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். முன்னையது உடைமையின் அளவையே குறைத்தது. பின்னையது விற்பவர் உரிமையைப் பறிக்காது கேட்கும் ஒழுங்கை மட்டும் மாற்றியது. பின்னையதே எனக்கு உடன்பாடு.

இவ்வினா கொழும்புக்கு மட்டும் உரியதன்று. மாடிவீடுகள் அரிதான உடையார்கட்டில் இது வேறு வடிவில் எழுகின்றது. 1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்களுட் பலர் வன்னிக்கு வந்தனர். 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்தினுள் உடையார்கட்டும் அடங்கியது. அந்நாட்களில் ஒரு வளவில் எத்தனை குடும்பங்கள் என்று எவரும் எண்ணவில்லை. உறுதியைக் காட்டி எவரையும் வெளியே நிறுத்தாதவர்கள் அன்று இருந்தனர். போர் முடிந்தபின், உரியவர் வெளிநாட்டிலிருக்க, அவரது வளவில் வேறொரு குடும்பம் வேலியடைத்துத் தென்னை நட்டு வாழ்வதும் வன்னிக்குப் புதிதன்று. அரசு அனுமதிப்பத்திரக் காணிகளை 1935ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி எண்ணியவாறு விற்கமுடியாது. தனியார் உறுதிக் காணிகளுக்கோ அத்தகைய தடையில்லை.

உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் உரியது என்னும் ஜோன் லொக்கின் வாதத்தை இங்கு அப்படியே பொருத்துவோரும் உளர். நான் அவ்வளவு தூரம் செல்லேன். விரட்டப்பட்டு ஓடியவரின் காணி, அவர் ஓடியமையாலேயே பிறருக்குரியதாகுமாயின், அவர் இருமுறை இழந்தவராவார். பத்தாண்டு ஆட்சியால் உரிமை பிறக்கும் என்னும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்ட விதி இத்தகையோரைத் தாக்காதிருத்தற்பொருட்டே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. அது நியாயமானது. ஆயினும் உரிமை மீண்டவர் அதனை விற்கும்போது, அங்கு வாழ்பவரிடம் ஒரு சொல் முன்னரே கூறாமல் தரகரிடம் கொடுப்பதையும் அச்சட்டம் நியாயப்படுத்திவிட்டதாகக் கொள்ளமுடியாது.

குடியிருப்போரிடம் பணம் இல்லையே, கேட்டு என்ன பயன் என்பர் சிலர். தனியொரு குடும்பத்தால் இயலாதது உண்மையே. ஆயின் கூட்டுறவுச் சங்கங்கள் எமது மாகாணத்துக்குப் புதியவையல்ல. விதைநெல்லுக்கும் வலைக்கும் கைகொடுத்த அவ்வமைப்பு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து தாம் வாழும் வளவை வாங்குவதற்கும் ஏன் கைகொடுக்கலாகாது? அதற்கு முதலில், வளவு விலைக்கு வருகின்றது என்ற செய்தி அம்மூன்று குடும்பங்களின் காதுக்கும் உரிய வேளையில் எட்டவேண்டும்.