யார் சாலையைப் பார்ப்பது?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் தே அனாவ் என்ற சிற்றூரிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் வரை போகும் சாலை கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். உலகின் அழகான சாலைகளில் ஒன்று என்கிறார்கள். எனக்கு அந்தச் சாலையை நன்றாகத் தெரியும். நடுக்கோடு எங்கே மஞ்சளாக மாறுகிறது, எந்த வளைவில் எந்த வேகத்தைப் பலகை சொல்கிறது, ஒற்றைத் தடப் பாலங்களில் யார் ஒதுங்க வேண்டும், எல்லாம் சொல்வேன். மலைகளைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

போன வருடம் பிப்ரவரியில் போனோம். அங்கே அது கோடை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் எங்களின் முதல் நீண்ட பயணம். இருவரும் ஐடியில் இருப்பதால் ஒரே சமயத்தில் பன்னிரண்டு நாள் லீவு வாங்குவதே ஒரு தனி ப்ராஜெக்ட். முதல் நாள் தே அனாவில் தங்கினோம். மறுநாள் மில்ஃபோர்ட் போய், படகில் சுற்றிவிட்டு, இரவு குயின்ஸ்டவுன் வந்து சேர்ந்தோம். அன்று மட்டும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்பேன்.

ராத்திரி அறையில் அவள் போனில் எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளத்தாக்கு, மஞ்சள் புல்வெளி, இரண்டு பக்கமும் செங்குத்தாக மலைச்சுவர்.

“இது எங்க?” என்றேன்.

“நாம வந்த வழிதான். எக்லிங்டன் பள்ளத்தாக்கு.”

“எனக்கெங்க தெரியும். நான் ரோட்டத்தானே பாத்துட்டிருந்தேன்.”

அந்த ‘தானே’யில் ஒரு பில் இருந்தது. அவளுக்கு அது புரிந்துவிட்டது. போனைக் கீழே வைத்தாள்.

“வண்டி எடுக்கறப்ப, ரெண்டாவது டிரைவரா இவங்க பேரையும் போடவான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. வேண்டாம்னு சொன்னது யாரு?”

நான்தான். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. சென்னை டிராஃபிக்கில் தினமும் ஓட்டுகிறாள். ஆனாலும் கவுன்டரில் நின்றபோது, அவளைக் கேட்காமலேயே, “பரவாயில்லை, நானே ஓட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் அது பெருந்தன்மை போலத்தான் இருந்தது. யாரும் கேட்காத தியாகம் ஒன்றைச் செய்துவிட்டு, இரவில் அதற்கு வட்டி கேட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை என்று சொல்ல முடியாது. விளக்கை அணைத்துவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. இருவர் சேர்ந்து போகும் பயணத்தில் ஒருவர் காட்சியைப் பார்க்க இன்னொருவர் சாலையைப் பார்த்தாக வேண்டும். அப்படியானால் அந்தக் காட்சி யாருடையது? பார்த்தவர் பார்க்காதவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா?

இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளிவந்த தன் நூலில் உன்னதம் என்ற அனுபவத்தைப் பற்றிப் பேசுகிறார். தலைக்கு மேல் தொங்கும் பாறைகள், இடிமேகங்கள், எரிமலைகள், கொந்தளிக்கும் கடல். இவற்றின் முன் நாம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவை நம்மை ஈர்க்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார்: நாம் பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். உயிருக்குப் பயந்துகொண்டிருப்பவனால் ரசிக்க முடியாது. தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதர் சொன்னது இது. ஆனால் சரியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அதே நூலில் ஒரு விவசாயி வருகிறார். ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள சவோயைச் சேர்ந்தவர். பனிமலைகளை ரசிக்க வருகிறவர்களை அவர் முட்டாள்கள் என்று தயங்காமல் சொன்னாராம். மற்றபடி விவேகமுள்ள மனிதர்தான் என்று காண்ட் ஒத்துக்கொள்கிறார். பண்பாட்டால் பக்குவப்படாத மனதுக்கு, நமக்கு உன்னதமாகத் தெரிவது வெறும் பயங்கரமாகத் தெரிகிறது என்பது அவருடைய விளக்கம்.

எனக்கு இந்த இடம் இடிக்கிறது. அந்த விவசாயிக்கு ரசனை இல்லை என்று எப்படிச் சொல்வது? எந்தப் பனி எப்போது சரியும், எந்தப் பாதை எந்த மாதத்தில் மூடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். காண்ட் சொல்லும் ‘பாதுகாப்பான இடம்’ தானாக முளைத்து நிற்பதில்லை. யாரோ அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். செய்தவரையே ரசிக்கத் தெரியாதவர் என்று சொல்லிவிடுவது கொஞ்சம் அநியாயம்.

மில்ஃபோர்டுக்குச் சற்று முன்பு ஹோமர் சுரங்கம் வருகிறது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். உள்ளே பூச்சு எதுவும் இல்லை, குடைந்த பாறை குடைந்தபடியே நிற்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மில்ஃபோர்ட் பக்கம் இறங்குகிறது. கோடையில் பகலில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டுமே விடுகிறார்கள். சிவப்பு விளக்கில் நின்றோம். கேயா என்கிற மலைக்கிளி ஒன்று வந்து முன்னால் நின்ற காரின் ரப்பரைக் கொத்திக்கொண்டிருந்தது. அன்று நான் நிமிர்ந்து மலையைப் பார்த்த சில நிமிடங்கள் அந்தச் சிவப்பு விளக்கு கொடுத்தவைதான்.

அந்தச் சுரங்க வேலை 1935இல் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்த காலம். வேலை இழந்தவர்களுக்கு நிவாரணமாகக் கொடுக்கப்பட்ட வேலை அது. கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டியோடு ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நேர்வெயில் விழாத பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 1936, 1937 ஆண்டுகளில் பனிச்சரிவுகளில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நடுவே உலகப்போர் வந்து வேலை தடைப்பட்டது. 1954இல்தான் சாலை திறந்தது. 1983இல் சாலைப் பணியாளர் ஒருவர் பனிச்சரிவில் இறந்த பிறகு, பனியைக் கண்காணிக்கும் முறையான திட்டம் வந்தது. இன்றும் குளிர்காலத்தில் சிலர் அந்தச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆபத்து என்று தெரிந்தால் சாலையை மூடிவிடுகிறார்கள். தேவைப்பட்டால் ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டுப் பனியை முன்கூட்டியே சரிய வைக்கிறார்கள்.

இந்த வரலாற்றை நான் அந்த இரவில், தூக்கம் வராமல், போனில் படித்தேன். என் நானூறு கிலோமீட்டர் தியாகம் கொஞ்சம் சுருங்கிப்போனது. முழுசாகச் சுருங்கவில்லை.

அதே இடத்தை வானிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று சிறிய விமானத்தில் முன்பே பதிவு செய்திருந்தோம். மறுநாள் மேகம், ரத்து. மில்ஃபோர்டில் ஆண்டுக்குச் சராசரியாக 6,800 மில்லிமீட்டர் வாக்கில் மழை பெய்கிறது. சென்னையின் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அடுத்த நாள் காலை வானம் திறந்தது.

கவுன்டரில் எல்லோரையும் எடை போட்டார்கள். சின்ன விமானத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை டிக்கெட் முடிவு செய்வதில்லை, எடை முடிவு செய்கிறது. ஒவ்வொருவரின் எடையையும் அவர் உட்காரும் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, ஈர்ப்பு மையம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வருட மெக்கானிக்ஸ் பாடம். நான் 84 கிலோ. அவள் 52. அது ஏர்வேன் ரக விமானம், பைலட்டோடு சேர்த்து எட்டுப் பேர். என்னை முன்னால், பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவளைக் கடைசி வரிசையில்.

“லக்கி நீ” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் தூரத்தை விமானம் முக்கால் மணிக்குள் கடந்தது. முதல் முறையாக என் கைகளுக்கு எந்த வேலையும் இல்லை. பைலட் கருவிகளையும் மேகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீதி எல்லாவற்றையும் பார்த்தேன். இறக்கைக்குக் கொஞ்ச தூரத்தில் பனி மூடிய முகடுகள் நகர்ந்தன. சதர்லேண்ட் அருவி, சாலையிலிருந்து பார்க்கவே முடியாதது, மலைக்கு மேலே தொங்கும் ஓர் ஏரியிலிருந்து வழிந்து 580 மீட்டர் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஒரு கணவாயைத் தாண்டும்போது விமானம் இரண்டு முறை குலுங்கியது. எனக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. இறங்கும்போது, கீழே நான் ஓட்டி வந்த சாலை பென்சில் கோடு மாதிரி தெரிந்தது.

மில்ஃபோர்டில் இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டேன். “அந்த ஃபால்ஸப் பாத்தியா? ஏரிலேர்ந்து அப்படியே கொட்டுதே!”

அவள் முகம் வெளுத்திருந்தது. “கண்ணத் தொறந்தாத்தானே பாக்கறதுக்கு.”

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீ திரும்பவே இல்லையே.”

உண்மை. ஹெட்செட்டில் எங்களால் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. ஆனால் கழுத்தைத் திருப்ப முடியும். நான் திருப்பவில்லை. எனக்கு வேலை இல்லாத அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் அவள் என் நினைவிலேயே இல்லை. நானும் அவளும் ஒரே விமானத்தில், ஒரே மலைகளுக்கு நடுவே இருந்தோம். எனக்கு அது காண்ட் சொன்ன பாதுகாப்பான இடம். அவளுக்கு இல்லை. நாற்காலி அதேதான், பெல்ட்டும் அதேதான், பைலட்டும் அதே பைலட்தான். பாதுகாப்பு என்பது ஓர் இடம் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது பைலட்டிடம் கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, இன்னொருவரை முன்னால் அனுப்பிவிட்டு, எங்கள் இருவரையும் நடுவரிசையில் உட்கார வைத்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்த முறை அருவியைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் திறக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் திறந்தாள்.

இறங்கிய பிறகு காபி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள். “அன்னிக்கு கார்ல நான் நிம்மதியா மலையப் பாத்துட்டு வந்தேன்னு நெனச்சியா? நீ கண்ணக் கசக்கறப்பல்லாம் பேச்சுக் குடுத்தேன். பாலம் வரப்பல்லாம் எதிர்ல வண்டி வருதான்னு பாத்தேன். ஃபோட்டோல இருக்கறது நடுவுல கெடச்ச பத்து நிமிஷம்.”

என் கணக்குப் புத்தகத்தில் அவளுடைய பக்கம் காலியாக இருந்ததற்குக் காரணம் அவள் எதுவும் தரவில்லை என்பதல்ல. நான் எழுதவில்லை. சின்ன வயதில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பஸ்ஸில், அம்மா எனக்கும் தங்கைக்கும் ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் உட்காருவாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, தங்கை வாந்தியெடுத்தால் பிடிக்க. அம்மாவுக்கு ஜன்னல் பிடிக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இப்படி யோசித்தால் எந்தக் காட்சியையும் ரசிக்கவே முடியாதே, எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று குற்றவுணர்ச்சியோடு உட்கார வேண்டியதுதானா என்று ஒரு நண்பன் கேட்டான். பைலட்டுக்குத்தான் காசு கொடுத்தாயே, கணக்கு அங்கேயே முடிந்துவிட்டதே என்றான். கேள்வி நியாயமானதுதான். குற்றவுணர்ச்சி யாருக்கும் உதவாது. சுரங்கத்தில் இறந்தவர்களுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு போனால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. காசும் நியாயமான பதில்தான், அது கூலியைத் தீர்க்கிறது. ஆனால் அம்மாவுக்கு என்ன கூலி? என் மனைவிக்கு? கூலி இல்லாத இடத்தில் இரண்டு விஷயங்கள் மிஞ்சுகின்றன என்று தோன்றுகிறது. ஒன்று, எப்போதும் ஒரே ஆள் ஓரச் சீட்டில் உட்காராமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று என்ன என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் வாடகைக் கார் அலுவலகத்துக்குப் போய் அவள் பெயரைச் சேர்த்தோம். லிண்டிஸ் கணவாய் வழியாக ஆவோராகி மலையை நோக்கி அவள் ஓட்டினாள். நான் இடது பக்கச் சீட்டில். இப்போது எல்லாக் காட்சியும் எனக்குத்தான். ஆனால் முதல் ஒரு மணி நேரம் நான் எதையுமே பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“அந்த பிரேக்க விடு. அங்க ஒண்ணும் இல்ல” என்றாள்.

கொடுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. சாலையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினால்தான் கண் மலைக்குப் போகிறது. கவுன்டரில் நின்று அவள் பெயரை வேண்டாம் என்று சொன்னபோது என்னிடம் இல்லாமல் போனது பெருந்தன்மை மட்டுமல்ல, அந்த நம்பிக்கையும்தான்.

புகாகி ஏரி வந்தது. ஏரியின் அந்த முனையில் ஆவோராகி, 3,724 மீட்டர், முழு வெள்ளையில். பனியாறுகள் பாறையை அரைத்த நுண்துகள் தண்ணீரில் கலந்திருப்பதால் ஏரி ஒரு வினோதமான நீலத்தில் இருக்கிறது. நான் போனை எடுத்தேன்.

“ஃபோட்டோ அப்புறம் எடு. எப்படி இருக்குன்னு சொல்லு. எனக்கு இங்க ஒரே வளைவு.”

அதுதான் அந்த இன்னொன்று. பார்த்தவர் சொல்ல வேண்டும். நான் தேடினேன். எல்லாம் பயணக் கையேட்டில் படித்த வார்த்தைகளாகவே வந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் சொன்னேன்:

“பால்ல சொட்டு நீலம் விட்ட மாதிரி இருக்கு.”

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சிரித்தாள். “அப்புறம்?” என்றாள்.