கதை எழுதுபவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?



நான் தொழிலால் ஒரு கணக்காளன். பேரேட்டில் நடக்காத வரவு ஒன்றை எழுதினால் அது மோசடி. கதைப் புத்தகத்தில் நடக்காத ஒன்றை எழுதினால் அதைப் பாராட்டுகிறோம். இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? சென்ற வருடம் என் வீட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்தபோது, உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை.

பதின்மூன்று வயதான என் மகள் பாடசாலைக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினாள். அதில் அவளுடைய அப்பப்பா கையில் பனங்கட்டிக் குட்டானுடன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். பேத்தியை அடையாளம் கண்டு சிரிக்கிறார். உண்மையில் என் தந்தையார் 2010 இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். எனது அகதி விண்ணப்பம் முடிவாகாதிருந்தபடியால் கொள்ளி வைக்கக்கூட என்னால் போக முடியவில்லை. மகள் அவரைக் கண்டதே இல்லை.

எம்முடன் வசிக்கும் என் தாயாருக்கு அந்தக் கதையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா கண்கலங்கி, “ஏன் பிள்ளை, நடக்காத ஒண்டை நடந்த மாதிரி எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார். மகள் முகம் வாடி என்னைப் பார்த்து, “அது பொய்யோ அப்பா?” என்றாள்.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. 2007 இல் இந்நாட்டுக்கு வந்தபோது, நடந்ததை நடந்தபடியே வாக்குமூலத்தில் சொன்னேன். அது கட்டுக்கதை என்று முதலில் நிராகரித்தார்கள். உண்மையைச் சொல்லிக் கதைகாரன் என்று பெயர் வாங்கியவனுக்குக் கதை என்ற சொல்லே கசந்து போயிருந்தது.

மகளுக்கு விடை சொல்வதற்காக, அவள் விரும்பிப் படிக்கும் எழுத்தாளரான ஜே. ஆர். ஆர். ரோல்கீனைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் 1892 இல் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் 1900 இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியதால் உறவினர் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். 1904 இல் அந்தத் தாயும் இறந்தார். சமயமும் குடும்பத் துயரமும் அவர் வாழ்வில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பின்னாளில் அவர் ஒக்ஸ்போர்ட்டில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியரானார். கதை எழுதுவது அவருக்கு ஓய்வு நேர விருப்பம். தம் பிள்ளைகளுக்கு நத்தார்த் தாத்தா எழுதுவது போல, கையால் படம் வரைந்து, 1920 முதல் 1943 வரை கடிதங்கள் எழுதினார்.

‘லோட் ஒவ் த றிங்ஸ்’ நூலின் முதற் பாகம் 1954 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஒரு கத்தோலிக்கப் புத்தகக்கடையின் நிர்வாகி அவருக்குக் கடிதம் எழுதினார். கதையில் வரும் எல்வ் என்ற இனத்தார் மறுபிறவி எடுக்கிறார்கள். இறைவன் தம் படைப்பில் கையாண்டதாக நாம் அறியாத ஒரு முறையைக் கதாசிரியர் புகுத்தலாமா, இது எல்லை மீறல் ஆகாதா என்பது அவருடைய கேள்வி.

மறுபிறவியை நம்பும் சைவர்களாகிய எமக்கு இந்தக் கேள்வி வியப்பாக இருக்கும். ரோல்கீனோ அதை மிகுந்த கவனத்துடன் எடுத்துக்கொண்டு நீண்ட பதில் ஒன்றை வரைந்தார். இறைவன் ஏற்கெனவே கையாண்ட வழிகளுக்குள் அடங்கிவிடாமல் கற்பனை செய்வதே கதைஞனின் வேலை என்றார். மனிதரைப் பொறுத்தவரை மறுபிறவி பிழையான சமயக் கருத்தாக இருக்கலாம் என ஒப்புக்கொண்டார். ஆயினும் அப்படி ஒரு நிலை இருக்கவே முடியாது என்று எந்த அறிஞராலும் மறுக்க முடியுமெனத் தமக்குத் தோன்றவில்லை என்றும் எழுதினார். இறுதியில் அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவில்லை. தம்மைத் தாமே பெரிதாக எண்ணிக்கொள்வதாகப் படுகிறது என்று அதிலே குறித்து வைத்துவிட்டார்.

இதிலிருந்து நான் கற்றவை இரண்டு. “வெறும் கதைதானே, ஏன் கேட்கிறீர்?” என்று அவர் வாசகரைத் தட்டிக்கழிக்கவில்லை. அதேவேளை தாம் ஒரு சமயகுரு என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுக்கவில்லை.

வாய்மை அதிகாரத்திலே, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையாகும் என்று வள்ளுவர் சலுகை தருகிறார். கதைக்கு அந்தச் சலுகைகூடத் தேவையில்லை என்பது எனது தாழ்மையான கருத்து. பொய்க்கணக்கு எழுதுபவன் பிறர் அதை நம்ப வேண்டும் என விரும்புகிறான். அந்த நம்பிக்கையால் இலாபம் அடைகிறான். கேள்வி கேட்டால் ஏட்டை மறைக்கிறான். கதை சொல்பவரோ இது கதை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார். நத்தார்த் தாத்தா கடிதம் தகப்பனின் கையெழுத்து என்று வளர்ந்தபின் அறிந்த பிள்ளை, தன்னை ஏமாற்றிவிட்டார் என்று தகப்பனை வெறுப்பதில்லை.

ஆனால் பொய் இல்லை என்பதால் மட்டும் கதை எழுதியவரின் கடமை தீர்ந்துவிடாது. பொய்யல்லாத கதையும் ஒருவரை நோகச் செய்யலாம். என் தாயாரை நோகச் செய்தது. நோவு பட்டவர் கேட்கும்போது உட்கார்ந்து பதில் சொல்வதுதான் கதைஞர் காட்ட வேண்டிய கணக்கு. ஊரிலே கோயில்களில் கந்தபுராணம் படித்தபோது ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். கதையைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகும் வழக்கம் எம்மவரிடம் இருக்கவில்லை.

ஆகவே மகளிடம், “அது பொய்யில்லை, ஆனால் அப்பம்மாவுக்கு நீதான் பதில் சொல்ல வேணும்” என்றேன். அவள் அப்பம்மாவின் பக்கத்தில் போய் இருந்து, தனக்குத் தெரிந்த தமிழில், “எனக்கு அவரைக் காண ஆசை, வேற வழி தெரியேல்லை” என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாட்களின் பின் அம்மாவே கேட்டார்: “வந்த மனுசனுக்கு என்ன சாப்பாடு குடுத்தனி?” மகள் அதை எழுதியிருக்கவில்லை. “அவருக்கு ஒடியற்கூழ் எண்டால் உயிர். மீன் நிறையப் போட வேணும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். என் தந்தையாரைப் பற்றி நானே அறியாத பல செய்திகள் அன்று வெளிவந்தன. மகள் அவற்றைக் குறித்துக்கொண்டாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். வேற்றுச் சமயத்தவர் எழுதிய கதை என்று புத்தகத்தைப் பறிக்கவும் வேண்டாம், கதைதானே என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து பேசுங்கள். பாட்டன் பாட்டியரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் எம் பிள்ளைகளுக்கு நல்லறிவு அருள்வாராக.