நினைவுகூர்பவனின் கடன்

கலைஞன் ஒருவன் தன் கலைவாழ்வை நினைவுகூரும்போது உண்மைக்குக் கட்டுப்பட்டவனா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது எளிய வினாவாகவே தோன்றும். ஆயின், மேடையிலும் திரையிலும் நிகழ்வன பலர் கூடி ஆக்கியவை, நினைவுகூர்பவனோ ஒருவன். பலர்க்கு உரியதை ஒருவன் 'நான்' என்று கூறும்போது எழும் அறச்சிக்கலை, மட்டக்களப்புக் கூத்தினை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைநாட்டுத் திரைப்படமொன்று இவ்வினாவை நேரடியாகவே எழுப்பியுள்ளது. அமெரிக்க மேற்குப்புலக் குதிரைவீரர் கதைகளைப் படமாக்கிப் புகழ்பெற்ற ஜோன் போர்ட், 1962இல் 'லிபேர்ட்டி வலன்ஸைச் சுட்ட மனிதன்' என்னும் படத்தை நெறிப்படுத்தினார். கொடியவனைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற புகழால் உயர்பதவி பெற்ற ஒருவர், முதுமையில், அவனைச் சுட்டவன் வேறொருவனே என வெளிப்படுத்துகிறார். பத்திரிகையாசிரியரோ அதனை அச்சிட மறுத்துவிடுகிறார்.

இத்தகைய படங்களின் ஆக்கம் பற்றிய நினைவுகளிலும் இந்நிலையைக் காணலாம். 1939இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' என்றதும் நடிகர் ஜோன் வெயினே நினைவுக்கு வருகிறார். பாய்ந்தோடும் குதிரைகளின் நடுவே வீழ்ந்து, வண்டி தன்மேலாகக் கடந்து செல்லக் கிடந்தவர் யக்கிமா கனட் என்னும் சாகசக் கலைஞர். அவருக்கேனும் 1967இல் கௌரவ ஒஸ்கார் விருது கிடைத்தது. அப்படத்தில் அப்பாச்சி இனத்தவராகத் தோன்றிய நவஹோ மக்களின் நினைவுகளைக் கேட்டறிந்தோர் மிகச் சிலரே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வழங்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஓரிரவில் முகிழ்ப்பவை அல்ல. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகளைக் கடந்து, மாதக்கணக்கான பயிற்சியின் பின்னரே அரங்கேற்றம் நிகழும். அண்ணாவியாரின் மத்தளமும், ஏடு பார்ப்பவரின் விழிப்பும், பிற்பாட்டுக்காரரின் குரலும் இன்றி எந்த வீமனும் விடியும்வரை ஆட முடியாது. ஆயினும் ஊர் நினைவில் நிற்பவன் வீமனே.

பல்கலைக்கழக அரங்கிலும் இவ்வினா எழுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன தொடர்ந்தன. விடியவிடிய ஆடப்பட்டது சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. மாணவராயிருந்து இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் அந்நாடகத்தைத் தாமே மீண்டும் நெறிப்படுத்தினார். பேராசிரியரின் தொண்டினை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துப் பேராதனைவரை வரச்செய்த கிராமத்து அண்ணாவிமாருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். நினைவுரை நீதிமன்றச் சாட்சியம் அன்று. முதிய கலைஞர் தம் ஆட்டத்தைச் சற்று மிகைப்படுத்திக் கூறினால் யாருக்கு என்ன தீங்கு என்பர். இதில் உண்மை உண்டு. எனினும் மிகைப்படுத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும். மூன்று இரவு ஆடியதை முப்பது இரவு என்பவர் தம்மை அலங்கரித்துக் கொள்கிறார், அது பொறுக்கத்தக்கது. தமக்கு ஆட்டம் பழக்கியவரைச் சொல்லாது விடுபவரோ பிறருக்கு உரியதை எடுத்துக்கொள்கிறார். முன்னையது நாவின் குற்றம். பின்னையது அறத்தின் குற்றம்.

இக்குற்றத்தில் கேட்பவருக்கும் பங்குண்டு. போர்க்கால இடப்பெயர்வுகளையும் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரைகளில், முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டும் எஞ்சியுள்ளவை பல. ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களை நாடிச் செல்லும் மாணவர், 'நீங்கள் என்ன வேடம் ஆடினீர்கள்?' என்று மட்டும் கேட்டுத் திரும்பினால், பதிவாவது ஒருவரின் புகழே. 'உங்களுக்கு ஆட்டம் பழக்கியவர் யார்? பெண் பாத்திரத்துக்கு ஆடிய ஆடவருக்குச் சேலை தந்தவர் யார்? களரிக்கு வர இயலாதிருந்தவர் யார்?' என்றும் கேட்டால், ஓர் ஊரே வாய்திறக்கும். கடைசி வினாவுக்குச் சிலவேளை மௌனமே விடையாகலாம். அம்மௌனத்தையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

நம் கூத்தர் 'கர்ணனாக நடித்தேன்' என்னாது 'கர்ணனுக்கு ஆடினேன்' என்று கூறும் வழக்கு உண்டு. அந்த நான்காம் வேற்றுமை உருபில் ஓர் அறம் பொதிந்துள்ளது. ஆடியவன் கர்ணனின் உரிமையாளன் அல்லன். சில இரவுகள் அவனுக்காக உடலையும் குரலையும் ஈந்தவன். பாத்திரத்தையே தனதென்று கொள்ளாதவன், நினைவை மட்டும் தனதென்று கொள்வது எங்ஙனம் பொருந்தும்? நினைவு கலைஞனிடம் ஒப்படைக்கப்பட்ட பொதுச்சொத்து. அதனை உரியவர் பெயரோடு திருப்பி ஒப்படைப்பதே நினைவுகூர்பவனின் கடன். அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடன்.